ஊசிமுனை போட்ட நாலு ஹார்ட்

முகத்தில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் தலைவரைக்கும் ஏறிய சால்வை. இத்தனையும் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் பட்டப்பகலில் சலவைக்கடை மாடிப்படி ஏறினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்த்தது. இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு வாய் பிளந்து நின்றதில், யாருடைய சட்டையோ கருகிய வாசனை மாடிவரைக்கும் வந்தது.

மாடியில்தான் துப்பறியும் அலுவலகம். அதை நடத்துகிறவரை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். அதற்குக் காரணம் சின்னவர். அவர் அண்ணியின் கணவருக்குத் தம்பி, நாற்பதைத் தொடப்போகிறவர். மூன்று வேலையை விட்டுவிட்டு நாலாவதாக அண்ணியிடம் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். அவர் வாய் நிறைய அண்ணி, அண்ணி என்று கூப்பிடப்போய், வருகிற கட்சிக்காரர்கள், போஸ்ட்மேன், வீட்டுக்காரர் என்று எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது. ஒரு தடவை எண்பது வயதுக் கிழவர்கூட அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்த அம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேர் சொல்ல மாட்டாராம், விலாசம் சொல்ல மாட்டாராம், செய்கிற தொழிலையும் சொல்ல மாட்டாராம். அண்ணி பேனாவைத் திறந்தார்.

"சரிங்க. விக் செய்யறவங்கன்னு மட்டும் எழுதிக்கறேன்."

அந்த அம்மாளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாஸ்க் இருந்ததால் அது தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி, யார் சொன்னது என்று கேட்டார். உங்க சட்டைக் கைதான் சொல்லிச்சு என்றார் அண்ணி. அதில் ஒரு நீளமுடி, ஒரு சுருட்டைமுடி, ஒரு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றும் ஒரே தலையில் முளைக்காது. சலூன்காரர் சட்டையாக இருந்தால் வெட்டிய துண்டுகள் ஒட்டியிருக்கும். இந்த முடிகளின் நுனியிலோ பொடி முடிச்சு.

"மூணு பேர் தலையை முழங்கையில வச்சுக்கிட்டு முகத்தை மட்டும் மூடிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார் சின்னவர்.

மாஸ்க் இறங்கியது. ஐம்பது வயது முகம், அழுது வீங்கிய கண். விக்கம்மா என்றே இனி அவரை வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். விக்கம்மாவுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. வீட்டின் பின்கட்டில் வேலை. வாடிக்கையாளர்கள் பின்வாசல் வழியாக வந்து, தலை நிறைய முடியோடு பின்வாசல் வழியாகவே போவார்கள். ஒருத்தர் வந்ததை இன்னொருத்தர் அறியமாட்டார். இதைக் காப்பாற்ற அவர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டியிருக்கிறார். சமூக வலைத்தளத்தில் ஊசிமுனை என்று ஒரு பக்கம் உண்டு, அதில் முகம் இல்லை, சொந்தப் பேர் இல்லை, பக்கம் முழுக்கப் பூட்டு. உள்ளே போக அனுமதி உள்ளவர்கள் பதினாலு பேர், எல்லாரும் சொந்தக்காரர்கள். மாதம் பிறந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். சொந்தப் புருஷன் ஃபாலோ பண்ணக் கேட்டு மூன்று வாரம் காத்துக் கிடந்தாராம்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் மூன்று நாளாக முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. போனை நீட்டினார். அண்ணி சத்தமாகப் படித்தார்.

முதல் நாள்: உங்கள் கைவேலை யார் யார் தலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் ஒரு பட்டியல். டிவியில் செய்தி வாசிப்பவர், பிப்ரவரி 11. நடன ஆசிரியை, மார்ச் 3. வங்கி மேலாளர், ஏப்ரல் 20. மருந்துக்கடைப் பெண், ஜூன் 9.

மூன்றாம் நாள்: நேரில் பேச வேண்டும். தனியாக. யாருக்கும் தெரியக் கூடாது.

"மிரட்டல்" என்றார் விக்கம்மா. "யார் வேலைன்னும் தெரியும். என் ஓரகத்திதான்."

ஓரகத்தி என்றால் அவருடைய கொழுந்தன் மனைவி. ஆறு வருஷமாகக் கூடவே உட்கார்ந்து முடி கோக்கிறவள். வாடிக்கையாளர் யார், எந்தத் தேதியில் மாட்டிக்கொண்டு போனார் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைத் தொடுகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். நான் இல்லைன்னா அவதானே என்று கேட்டார் விக்கம்மா. அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் காலையிலிருந்து ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை. அடுப்பும் இரண்டாகப் போகிறது.

அப்புறம் எங்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று அண்ணி கேட்டார். விக்கம்மா சால்வை நுனியை முறுக்கினார்.

"அவ அழவே இல்லைங்க" என்றார் கடைசியில். "அதான் ஒரு மாதிரி இருக்கு."

மணி பதினொன்று. ஆறுக்கு இன்னும் ஏழு மணி நேரம்.

போகிற வழியில் சின்னவருக்குத் தலைவலி. விக்கம்மா வீட்டுத் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை, பட்டியலில் நாலாவதாக வந்த கடை. மாத்திரை வாங்கினாற்போலவும் ஆச்சு, பார்த்தாற்போலவும் ஆச்சு என்று நுழைந்தார். ஏசி அறை. கல்லாவில் ஒருத்தர், கவுண்ட்டரில் ஒரு பெண். அந்தப் பெண் காதுவரைக்கும் இழுத்துவிட்ட கம்பளிக்குல்லா போட்டிருந்தாள். சின்னவர் வாய் சும்மா இருக்குமா?

"என்னம்மா, மலைப் பிரதேசத்துக்குக் கிளம்பியாச்சா? போற வழியில கடை திறந்து வச்சிருக்கீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. மாத்திரையைக் காகிதப் பையில் போட்டு, பை வாயை இரண்டு தடவை மடித்துக் கொடுத்தாள். சின்னவர் வெளியே வந்து, என் ஜோக் விற்காத ஒரே கடை இதுதான் அண்ணி என்றார். உன் ஜோக்கை வேறெந்தக் கடையில் வாங்கினார்கள் என்று அண்ணி கேட்டதும் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பின்கட்டு நீளமான ஒரே அறை. மேசையில் வரிசையாக மரத்தலைகள், மூக்கும் வாயும் இல்லாமல். சுவர் ஓரம் முடிக்கற்றைகள், கறுப்பிலிருந்து வெள்ளைவரைக்கும் நிறவாரியாகக் கட்டித் தொங்கின. ஜன்னல் காகிதத்தின் ஓட்டை வழியாக ஒரு கோடு வெயில். அந்தக் கோட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் ஓரகத்தி. காலடியில் கட்டி வைத்த பெட்டி. மடியில் ஒரு மரத்தலை. கையில் முனை வளைந்த மெல்லிய கொக்கி ஊசி. வலையில் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டை விட்டுப் போகிறவள் வேலை செய்வாளா என்று சின்னவர் மெல்லக் கேட்டார். நெற்றி ஓரத்தில் இன்னும் இரண்டு விரல் அகலம் பாக்கி இருக்கிறது, அரைகுறையாக விட்டால் மாட்டுகிறவருக்கு நெற்றி எரியும் என்றாள் அவள், தலை நிமிராமலே.

"அக்கா என்னை நம்பாட்டியும் பரவாயில்லைங்க. இந்தத் தலைக்காரங்க நம்பித்தானே அளவு குடுத்தாங்க."

விக்கம்மா வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணி நோட்டைக் கேட்டு வாங்கி, பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார். செய்தி வாசிப்பவர் மாட்டிக்கொண்டு போனது பிப்ரவரி 2. பட்டியலில் 11. நடன ஆசிரியை நோட்டில் பிப்ரவரி 26, பட்டியலில் மார்ச் 3. வங்கி மேலாளர் இரண்டு நாள் வித்தியாசம்.

"நோட்டைப் பாத்து எழுதறவ ஒரு தேதியாவது சரியா எழுதியிருப்பா" என்றார் அண்ணி. "அப்புறம் இதுல ஒரு கப்பல் கேப்டன் இருக்காரே, மார்ச் பதினஞ்சு. அவர் ஏன் பட்டியல்ல இல்லை?"

கேப்டன் ஓய்வு பெற்றவர், பட்டன் வைத்த பழைய போன்தான் வைத்திருக்கிறார், இந்தப் பக்கம் கிக்கம் எதுவும் அவருக்கு இல்லை என்றார் விக்கம்மா. சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது. சின்னவருக்கும் பொறி தட்டியது. கடல் முழுக்கச் சுற்றியவர் வலையில் மட்டும் சிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அண்ணி முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

அடுத்தது மருந்துக்கடைப் பெண். நோட்டில் அவள் பேரே இல்லை.

"அது தப்புங்க. அந்தப் பொண்ணுக்கு விக்கே கிடையாது. சொந்த முடி, இடுப்புக்குக் கீழே பின்னல். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போறப்ப எல்லாம் பாப்பேன். அப்படி ஒரு முடியை நான் கையால தொட்டதே இல்லை. ரெண்டு மாசமாத்தான் குல்லா போட்டுக்கறா."

தொடவில்லை சரி, வேறு என்ன செய்தீர்கள் என்று அண்ணி கேட்டார். விக்கம்மா புரியாமல் விழித்தார். அவர் போனை வாங்கி, செய்தி வாசிப்பவரின் பக்கத்தைத் திறந்தார் அண்ணி. பிப்ரவரி 11-ம் தேதி புகைப்படம், புது முடியோடு சிரிக்கிறார். கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். இதயம் போட்டவர்களின் பேர்களில் ஊசிமுனை என்று தட்டித் தேடினார். இருந்தது. நடன ஆசிரியை, மார்ச் 3, அங்கேயும் ஊசிமுனை. வங்கி மேலாளர், ஏப்ரல் 20, அங்கேயும் அதே ஊசிமுனை, முகப்படத்தில் அதே கொக்கி ஊசி.

ஓரகத்தியின் ஊசி நின்றுவிட்டது.

"நல்லா வந்திருந்துதுங்க" என்றார் விக்கம்மா, திருடிய கையோடு பிடிபட்ட குழந்தை மாதிரி. "அவங்க விழாவுல எல்லாம் நிக்கறாங்க, சிரிக்கறாங்க, ஒருத்தருக்கும் தெரியலை. என் பேரை எங்கேயும் போட முடியாது. யார்கிட்டயும் சொல்ல முடியாது. ஒரு ஹார்ட்டாவது போட்டுக்கறேனேன்னு..."

"பக்கத்தைப் பூட்டிட்டீங்க. பூட்டு பத்திரமா இருக்குங்கற தைரியத்துல வெளியே போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. "எல்லாரும் செய்யறதுதான். மறைக்கணும்னு நினைக்கறதைப் பூட்டுவோம். பெருமையைப் பூட்டணும்னு யாருக்கும் தோணாது."

சின்னவர் ஓரகத்தியைப் பார்த்தார். அவள் இப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், மரத்தலை நனையாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

விக்கம்மா அவள் பக்கம் ஓர் அடி வைத்தார், நின்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் செய்வதையே அவரும் செய்தார். பேச்சை மாற்றினார். அப்படியென்றால் மிரட்டுகிறது யார் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்துபோனால் செய்தி வாசிக்கிறவர் கதி என்ன, தன் தொழில் கதி என்ன என்று புலம்பினார்.

அண்ணி மருந்துக்கடைப் பெண்ணின் பக்கத்தைத் தேடி எடுத்தார். ஒரே ஒரு புகைப்படத்தில்தான் ஊசிமுனையின் இதயம் இருந்தது. மாடிப்படியில் பின்னிருந்து எடுத்தது, நீளப் பின்னல். மொத்தமே பத்தொன்பது இதயம். நீங்கள் இதற்கு எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். விக்கம்மா போனைத் தடவிப் பார்த்துவிட்டு ஜூன் ஒன்பது என்றார். அன்றைக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்து, ஆசை தாங்காமல் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் போட்டாராம்.

அண்ணி எழுந்துவிட்டார். தலைவலி மாத்திரை வாங்க வேண்டும் என்றார்.

"என்கிட்ட முழு அட்டை இருக்கு அண்ணி" என்றார் சின்னவர்.

"எனக்கு உன்னால வர்ற தலைவலி. அதுக்கு வேற மாத்திரை."

தெருவில் இறங்கிப் பத்தடி நடந்ததும் அண்ணி சொன்னார். "மூணு தேதி, போட்டோ போட்ட தேதி. அதை யார் வேணா பாக்கலாம். நாலாவது போட்டோ எப்ப போட்டது தெரியுமா? ரெண்டு வருஷம் முன்னாடி. ஜூன் ஒன்பதுங்கறது அந்தப் பக்கத்துல எங்கேயும் எழுதியிருக்காது. அது ஹார்ட் விழுந்த நாள். ஹார்ட் விழுந்தா யார் போன்ல மணி அடிக்கும்?"

சின்னவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்து, திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

ஆயிரம் இதயம் வாங்குகிற செய்தி வாசிப்பவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், பத்தொன்பது வாங்குகிறவள் ஒவ்வொன்றையும் யார் என்று பார்ப்பாள் என்றார் அண்ணி. முகமில்லாத ஊசி ஒன்று, இரண்டு வருஷப் பழைய பின்னலுக்கு இதயம் போட்டால் அவளுக்கு அந்தப் பேர் மறக்குமா? பேர் தெரிந்தால்தானே மற்ற மூன்று இடத்தில் தேட முடியும்.

"அப்ப தன் பேரையே பட்டியல்ல போட்டுக்கிட்டு மிரட்டினாளா? எந்த ஊர் மிரட்டல் இது?"

"காசு கேட்டாளா? கெடு வச்சாளா? தனியா வரணும், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மட்டும்தான் கேட்டிருக்கா. விக்கம்மா வீட்டுக்கு இதே மாதிரி கேட்டுக்கிட்டு வர்றவங்க யாருடா?"

சின்னவருக்குக் குல்லா ஞாபகம் வந்தது. கூடவே காலையில் தான் அடித்த ஜோக்கும் வந்தது.

மருந்துக்கடையில் கூட்டம் போகும்வரை இரண்டு பேரும் பற்பசை அட்டைகளைப் படித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணி கவுண்ட்டரில் குனிந்து, தனக்கு ஊசிமுனையைத் தெரியும் என்றும், செய்திகளைப் பார்த்து அவர் பயந்துபோயிருக்கிறார் என்றும் மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் கையில் இருந்த பை நழுவியது.

"பயமா? என்னைப் பாத்தா?"

மருந்துப்பெட்டிகள் அடுக்கிய உள்ளறையில் நின்று அவள் சொன்னாள். சிகிச்சை ஆரம்பித்து இரண்டு மாதம், முடி கொத்துக் கொத்தாகப் போகிறது. தெருவில் யாருக்கு என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பையில் போட்டு வாயை மடித்துக் கொடுக்கிறவள் அவள்தான். தன்னுடையதை மட்டும் தெருவில் கொட்ட மனசு வரவில்லை. ஒரு பெரிய கடைக்கு விக் பார்க்கப் போனாள். யாருக்கு, உங்களுக்கா என்று விற்கிறவர் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டதும் ஓடி வந்துவிட்டாள். ஆனால் அங்கே மேசையில் கிடந்த கொக்கி ஊசியை எங்கோ பார்த்த ஞாபகம். தன் போனிலேயே இருந்தது, தன் பின்னலுக்கு இதயம் போட்ட ஊசிமுனையின் முகப்படத்தில். இவர் முடி இவ்வளவு அழகாக எப்படி என்று அவள் யோசித்தவர்களின் படங்களில் எல்லாம் அந்தப் பேரைத் தேடினாள். மூன்று இடத்தில் கிடைத்தது. அந்த ஊசிமுனை, வாரம் ஒரு தடவை தன் கையால் சொட்டு மருந்து வாங்குகிற அம்மாள்தான் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணியும் சொல்லவில்லை.

"எனக்கு விக் வேணும்னு நாலு தடவை டைப் பண்ணி நாலு தடவையும் அழிச்சேன். அடுத்தவங்களைப் பத்தி மூணு வரி எழுத வருது, என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரலை. சரி, கடைசியில பேரையாவது சேத்து வைப்போம், அவங்களே புரிஞ்சுக்கட்டும்னு..."

காலையில் பேசியதற்குச் சின்னவர் மன்னிப்புக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார், முதல் தடவை குரல் வெளியே வரவில்லை என்பதால்.

"மலைப் பிரதேசம் போகலீங்க" என்றாள் அவள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. "போனா உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்."

வாடிக்கையாளர் என்று மட்டும் சொல்ல அவள் சம்மதத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது பின்கட்டில் மணி ஐந்தரை. பெட்டி அதே இடத்தில் இருந்தது. அனுப்பியவர் எதிரி இல்லை, வாடிக்கையாளர். பின்வாசல் எங்கே என்று தெரியாமல் முன்வாசலைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான் என்றார் அண்ணி. யார் என்று கேட்டார் விக்கம்மா. அதை அவங்கதான் சொல்லணும் என்று அண்ணி சொல்லிவிட்டார். சின்னவர் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

விக்கம்மா போனில் இருந்த பட்டியலைப் பார்த்தார். நாலாவது பேரில் அவர் கண் நின்றது. மேசைமேல் இருந்த சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மூன்று படங்களில் இருந்த இதயங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்கும்போது கை கூசியது, தன் கைவேலையைத் தானே பிரித்துப் போடுகிற மாதிரி. நாலாவதை எடுக்கவில்லை. பிறகு பதில் எழுதி, சரியா என்று சத்தமாகப் படித்துக் காட்டினார். நாளை காலை ஏழு மணி. பின்வாசல். நான் மட்டும்தான் இருப்பேன்.

ஊசியில் முடி கோத்துக்கொண்டே ஓரகத்தி கேட்டாள். "நெத்தி ஓரம் யாரு கட்டுவாக்கா? உங்க கண்ணுக்கு அது தெரியாதே."

சுவர்க்கடிகாரத்தில் ஆறடிக்க இருபது நிமிஷம். விக்கம்மா கடைசி வரியை அழித்தார். இரண்டு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். அடித்ததைப் படித்துக் காட்டவில்லை. போனை அப்படியே ஓரகத்தி மடியில், மரத்தலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சின்னவர் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

நானும் என் தங்கையும் இருப்போம். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

அனுப்பும் பொத்தானை ஓரகத்திதான் அழுத்தினாள். கொக்கி ஊசி பிடித்த கையை எடுக்காமல், இடதுகைக் கட்டைவிரலால்.

அண்ணி குனிந்து, காலடியில் இருந்த பெட்டியை எடுத்துச் சின்னவரிடம் நீட்டினார். இதை உள்ளே கொண்டுபோய் வை என்றார். அவர் தூக்கிக்கொண்டு நகர்ந்தபோது மடியிலிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. மூன்று பெண்களும் குனிந்து பார்த்தார்கள்.

பதிலில் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரே ஒரு ஹார்ட்.